தலைமையாசிரியர் மேசைக்கு வரும் சட்டம்



பள்ளி நிர்வாகம் தொடர்பாக எதையேனும் பேசுங்கள் என்று மட்டும்தான் இந்த அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். பிற நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வரும் குழந்தைகளைப் பள்ளிகள் எப்படி ஏற்கின்றன, அதில் பள்ளித் தலைமைக்கு என்ன பங்கு என்பதைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். சான்றுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வரும். ஐம்பது ஆண்டுகளாக அங்கே இந்தக் கேள்வி சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் வாக்குச்சாவடியிலும் பள்ளி வாசலிலும் திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. எல்லாம் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அவர்கள் செய்த தவறுகளும் பதிவாகியிருக்கின்றன. நமக்கு அதிகம் பயன்படப்போவது அவைதான்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிபெயர்ந்த குழந்தைக்கான கல்விக் கொள்கையைத் தலைநகரத்தில் எவ்வளவு விரிவாக எழுதினாலும், அதன் கடைசிப் பத்தியை எழுதுகிறவர் பள்ளித் தலைவர். சேர்க்கையின்போது அவர் என்ன கேட்கிறார், எந்த வகுப்பில் உட்காரவைக்கிறார், எந்த ஆசிரியரிடம் ஒப்படைக்கிறார், வாசலில் யாரை நிறுத்துகிறார் என்பவற்றால்தான் அந்தக் குழந்தைக்குச் சட்டம் பொருள் பெறுகிறது. ஆகவே அந்தப் பொறுப்பில் இருப்பவருக்குப் பயிற்சியும் அதிகாரமும் கொடுக்காமல் கொள்கையை மட்டும் செம்மைப்படுத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.

டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் டைலர் என்றொரு நகரம். ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர்போனது. 1970களில் அந்தத் தோட்டங்களிலும் வார்ப்பாலைகளிலும் வேலை செய்ய மெக்சிகோவிலிருந்து குடும்பங்கள் வந்தன. பலரிடம் குடியேற்ற ஆவணம் கிடையாது. 1975 மே மாதம் டெக்சாஸ் சட்டமன்றம் தன் கல்விச் சட்டத்தைத் திருத்தியது. சட்டப்படி நாட்டுக்குள் அனுமதிக்கப்படாத குழந்தைகளின் படிப்புக்கு மாநில நிதி கிடையாது. அவர்களைச் சேர்க்க மறுப்பதற்கும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்துக்கு அதிகாரம் உண்டு என்றது அந்தத் திருத்தம். அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்றால் ஓர் ஊரின் அல்லது வட்டாரத்தின் பள்ளிகளை நடத்தும் தனி உள்ளாட்சி அமைப்பு. அதற்கு ஒரு வாரியம் உண்டு. வாரியம் நியமிக்கும் கல்விக் கண்காணிப்பாளர் ஒருவர் உண்டு. டைலரில் அப்போது கண்காணிப்பாளராக இருந்தவர் ஜேம்ஸ் பிளைலர்.

இந்தத் திருத்தத்தால் பிளைலரின் பெயரில் எழுந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு செய்தி உண்டு. திருத்தம் 1975இல் வந்துவிட்டது. ஆனாலும் அடுத்த இரண்டு ஆண்டுகள் டைலர் மாவட்டம் ஆவணமில்லாத குழந்தைகளை ஒரு காசு வாங்காமல் சேர்த்துக்கொண்டேதான் இருந்தது. 1977 ஜூலையில்தான் வாரியம் முடிவை மாற்றியது. இனிமேல் ஆவணம் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்ட வேண்டும். ரோஜாத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவரால் கட்டக்கூடிய தொகையா அது? கட்டணம் கேட்காவிட்டால் அக்கம்பக்கத்து மாவட்டங்கள் விரட்டும் பிள்ளைகளெல்லாம் இங்கே வந்து குவிந்துவிடுவார்கள் என்ற அச்சம் வாரியத்துக்கு இருந்தது. அந்த மாவட்டத்தில் படித்த ஏறத்தாழ 16,000 மாணவர்களில் ஆவணமில்லாதவர்கள் ஏறக்குறைய 60 பேர்தான். சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதே சட்டத்தின் கீழ் இரண்டு ஆண்டுகள் அந்தப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள், மூன்றாம் ஆண்டு தெருவில் நின்றார்கள். நான் பள்ளித் தலைமை என்று சொல்வதன் பொருள் இதுதான்.

செப்டம்பரில் வழக்குத் தொடுக்கப்பட்டது. மெக்சிகோ வம்சாவளி மக்களின் உரிமைக்காக வாதாடும் மால்டெஃப் அமைப்பின் பீட்டர் ரூஸ் வழக்கை எடுத்துக்கொண்டார். நீதிபதி வில்லியம் வேன் ஜஸ்டிஸ். பெற்றோர்கள் நீதிமன்றத்துக்கு வந்தால் அடையாளம் தெரிந்துவிடும், பிடித்து நாடுகடத்திவிடுவார்கள் என்ற அபாயம் இருந்ததால் விசாரணையைக் காலை 6 மணிக்கு வைத்தார். ஊர் விழிப்பதற்கு முன் அந்தக் குடும்பங்கள் வந்தன. வீட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டே வந்தவர்களும் இருந்தார்கள். அங்கிருந்தே எல்லைக்கு அனுப்பினால் கையோடு கொண்டுபோக வேண்டுமே. பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பதற்காக, குடியிருக்கும் வீட்டையே இழக்கத் துணிந்து வந்தவர்கள் அவர்கள். கல்வியின் அருமையைப் பற்றிப் பல மேடைகளில் பேசியிருக்கிறோம். இவர்களைவிட அதை அறிந்தவர்களை நான் எங்கும் படித்ததில்லை.

நீதிபதி ஜஸ்டிஸ் பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்னார். மேல்முறையீடுகள் நடந்து, 1982 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் டெக்சாஸ் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வில்லியம் பிரென்னன். கல்வி அடிப்படை உரிமை என்று அவர் சொல்லவில்லை. 1973இல் சான் அன்டோனியோ வழக்கில் அந்த வாசலை அதே நீதிமன்றம் மூடியிருந்தது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14ஆவது திருத்தம், ஒரு மாநில எல்லைக்குள் இருக்கும் எந்த மனிதருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பைத் தருகிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. பிரென்னன் அதைப் பற்றிக்கொண்டார். எல்லையைத் தாண்டியது பெற்றோர் எடுத்த முடிவு, அதற்காகப் பிள்ளையைத் தண்டிப்பது நீதியாகாது என்றார். இந்தப் பிள்ளைகளில் பலர் இந்த நாட்டிலேயேதான் வாழ்நாளைக் கழிக்கப்போகிறார்கள். எழுத்தறிவில்லாத ஒரு கூட்டத்தை நாமே உருவாக்கி வைத்துக்கொள்வதால் மாநிலத்துக்கு என்ன மிச்சம் என்று கேட்டார். மாநிலத்தால் விடை சொல்ல முடியவில்லை.

மறுதரப்பையும் சொல்லியாக வேண்டும். தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, குழந்தைகளுக்குக் கல்வி மறுப்பது அறிவற்ற செயல் என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறது. ஆனால் நாட்டின் சமூகக் கொள்கையை வகுப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை, அதை மக்கள் தேர்ந்தெடுத்த அவைகள் செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமில்லை. ஒரே ஒரு நீதிபதியின் வாக்கில் நிற்கும் உரிமை எப்போது வேண்டுமானாலும் ஆட்டம் காணலாம். அது ஆடிக்கொண்டும் இருக்கிறது. 1994இல் கலிபோர்னியா வாக்காளர்கள் ஆவணமில்லாத பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கும் 187ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள், நீதிமன்றம் தடுத்தது. 2025இல் டென்னசி மாநிலத்தின் மேலவை, அத்தகைய பிள்ளைகளுக்கு இடம் மறுக்கவோ கட்டணம் கேட்கவோ பள்ளிகளுக்கு அதிகாரம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. அந்த ஆண்டு அது கீழவையில் நின்றுபோனது.

தோற்றுப்போன பிளைலர் பின்னாளில், வழக்கில் தான் தோற்றதே நல்லது என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பிள்ளைகளைப் படிக்கவைக்காமல் விட்டிருந்தால் கல்விக்கு அதைவிடக் கேடு வேறு இருந்திருக்காது என்பது அவர் கருத்து. தன் பெயரைத் தாங்கிய தீர்ப்பு தனக்கு எதிராக வந்ததை ஏற்றுக்கொண்டு இப்படிப் பேசுவதற்குப் பெரிய மனம் வேண்டும். பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் அவரை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சேர்க்கை முடிந்தது. குழந்தை உள்ளே வந்துவிட்டது. ஆசிரியர் பேசுவது ஒரு சொல்லும் புரியவில்லை. இப்போது என்ன?

சான் பிரான்சிஸ்கோவில் 1970இல் சீனப் பெற்றோர் சிலர் இந்தக் கேள்வியோடு நீதிமன்றம் போனார்கள். ஆங்கிலம் அறியாத சீன மாணவர்கள் அங்கே 2,856 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 1,000 பேருக்கு ஆங்கிலத்தில் தனிப் பயிற்சி கிடைத்தது. மற்ற 1,800 பேர் ஒன்றும் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் கொடுத்த அதே புத்தகம், அதே ஆசிரியர், அதே பெஞ்ச். பாகுபாடு எங்கே என்று நிர்வாகம் கேட்டது. லாவ் எதிர் நிக்கல்ஸ் என்ற அந்த வழக்கில் 1974 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மொழி புரியாத மாணவனுக்கு அதே புத்தகத்தைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது, அவன் கல்வியிலிருந்தே வெளியே தள்ளப்படுகிறான் என்பது நீதிபதி டக்ளஸ் எழுதியதன் சாரம். என்ன முறையில் கற்பிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்றார்.

அந்த ஏதாவது என்பதற்கு அளவுகோல் 1981இல் காஸ்டனீடா எதிர் பிக்கார்ட் வழக்கில் கிடைத்தது. பள்ளி தேர்ந்தெடுக்கும் முறைக்கு அறிஞர்கள் ஏற்கும் அடிப்படை இருக்க வேண்டும். அதை நடத்த ஆளும் பொருளும் உண்மையிலேயே ஒதுக்க வேண்டும். சில காலம் கழித்துப் பிள்ளைகள் தேறினார்களா என்று பார்த்து, தேறவில்லையென்றால் முறையை மாற்ற வேண்டும். எந்த நலத்திட்டத்துக்கும் பொருந்தக்கூடிய கேள்விகள்தாம் இவை. மூன்றாவதைத்தான் எல்லா நாடுகளிலும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அதை விட்டதன் விளைவு கலிபோர்னியாவில் தெரிந்தது. 2010இல் லாரி ஓல்சன் என்ற ஆய்வாளர் அந்த மாநிலத்தின் உயர்நிலை வகுப்புகளில் ஆங்கிலம் கற்போர் என்று குறிக்கப்பட்டிருந்த பிள்ளைகளை ஆராய்ந்தார். அவர்களில் 59 விழுக்காட்டினர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்கப் பள்ளிகளிலேயே படித்தும் அந்தப் பட்டியலை விட்டு வெளியேறாதவர்கள். பலருக்குப் பேச்சு ஆங்கிலம் சரளமாக வந்தது. ஆனால் அறிவியல் பாடப் பத்தி ஒன்றைப் படித்து விளங்கிக்கொள்ள முடியவில்லை.

இது எப்படி நேர்கிறது என்பதை டொரன்டோவில் பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ் ஏற்கெனவே விளக்கியிருந்தார். புதிய மொழியில் விளையாட்டுத் திடலில் பேசப் பழகுவதற்குக் குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போதும். பாடப்புத்தக மொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். இரண்டாம் ஆண்டில் குழந்தை கலகலவென்று பேசுவதைக் கேட்டு, இவனுக்கு இனி உதவி வேண்டாம் என்று ஆசிரியர் முடிவுகட்டிவிடுகிறார். ஐந்தாம் ஆண்டில் அவன் கணக்கில் தோற்கும்போது அவனுக்கு அறிவு மட்டு என்று எழுதிவிடுகிறார். இரண்டு முடிவுகளும் தவறு. இரண்டாவது ஒரு வாழ்க்கையையே கெடுத்துவிடுகிறது. கம்மின்ஸ் ஆராய்ந்த அதே டொரன்டோவுக்குத்தான் 1980களிலும் 90களிலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். போரால் படிப்பில் ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழுந்தவர்களும் அவர்களில் உண்டு. டொரன்டோ பள்ளி வாரியம் அப்படி இடைவெளி விழுந்த பிள்ளைகளுக்கென்றே தனி வகுப்பு நடத்துகிறது. தாய்மொழிகளையும் பள்ளிகளில் கற்பிக்கிறது, அவற்றில் தமிழும் உண்டு.

இனி நியூயார்க். 1985இல் குயின்ஸ் பகுதியில் லகார்டியா சமூகக் கல்லூரி வளாகத்தில் இன்டர்நேஷனல் உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. முதல் முதல்வர் எரிக் நாடெல்ஸ்டர்ன். அமெரிக்காவுக்கு வந்து நான்கு ஆண்டுகளுக்கும் குறைவான, ஆங்கிலத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு மட்டுமே அங்கே இடம். வேறு எந்தப் பள்ளியும் தவிர்க்க விரும்பும் பிள்ளைகளை விரும்பித் தேடிச் சேர்த்த பள்ளி அது. பிற்பாடு அதே வழியில் பல பள்ளிகள் பிறந்தன. 2004இல் அவற்றுக்கென்று ஒரு கூட்டமைப்பும் உருவானது.

அந்தப் பள்ளிகளின் வகுப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அறிவியல் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மேசைக்கு நான்கு பேர். இருவருக்கு வங்காளம், ஒருவருக்கு ஸ்பானிஷ், இன்னொருவருக்குப் பிரெஞ்சு. சிலர் வந்து இரண்டு மாதம், சிலர் மூன்று ஆண்டு. தண்ணீரில் எது மிதக்கும், எது மூழ்கும் என்று சோதனை செய்கிறார்கள். வங்காளிப் பிள்ளைகள் தங்களுக்குள் வங்காளத்திலேயே விவாதிக்கிறார்கள்; ஆசிரியர் தடுப்பதில்லை. ஆனால் நால்வரும் சேர்ந்து தயாரிக்கும் அட்டவணை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், வகுப்புக்கு முன் நின்று ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். பொது மொழி இல்லாத மேசையில் ஆங்கிலம் தேவையாகிவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு முன் வந்த பெண் முதலில் படம் வரைந்து காட்டுகிறாள், பிறகு ஒற்றைச் சொற்களால் பேசுகிறாள், அந்த ஆண்டு முடிவதற்குள் தன் பத்தியைத் தானே எழுதுகிறாள். ஆங்கிலம் கற்றபின் அறிவியல் தொடங்குவோம் என்று அங்கே யாரும் காத்திருப்பதில்லை. வேதியியல் ஆசிரியரும் மொழி ஆசிரியர்தான், வரலாற்று ஆசிரியரும் மொழி ஆசிரியர்தான்.

இதற்கும் பள்ளித் தலைமைக்கும் என்ன தொடர்பு? எல்லாத் தொடர்பும் உண்டு. இந்த வகுப்பு நடக்க வேண்டுமானால் கால அட்டவணை மாற வேண்டும். நான்கைந்து ஆசிரியர்கள் ஒரு குழுவாக ஒரே மாணவர் கூட்டத்தைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். வாரத்தில் சில மணி நேரம் அவர்கள் கூடிப் பேச அட்டவணையிலேயே இடம் இருக்க வேண்டும். இன்டர்நேஷனல் பள்ளியில் புதிய ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒருவர் பணியை மற்றவர் மதிப்பிடுவதிலும் ஆசிரியர்களுக்கே பங்கு இருந்தது. தன் அதிகாரத்தை இப்படிப் பகிர்ந்துகொடுக்கும் முதல்வர் இல்லாமல் அந்த வகுப்பு ஒரு மாதம்கூட நீடித்திருக்காது. சுற்றறிக்கை அனுப்பி இதைக் கொண்டுவர முடியாது.

கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 2007இல் தொடங்கிய இதே வகைப் பள்ளி ஒன்றில் ஆசிரியர்களை மாணவர்கள் தங்கள் தெருக்களுக்கு அழைத்துப்போகிறார்கள். தாங்கள் கும்பிடும் இடம், அம்மா காய்கறி வாங்கும் கடை, ஏமனிலிருந்தோ குவாத்தமாலாவிலிருந்தோ வந்த பெரியவர்கள் கூடும் இடம் எல்லாவற்றையும் காட்டி, கூடவே உட்கார்ந்து சாப்பிடவைக்கிறார்கள். ஒரு நாளைக்கு மாணவன் வழிகாட்டி, ஆசிரியர் புதியவர். பயிற்சிக் கூடத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து கேட்பதைவிட இந்த ஒரு நாளில் ஆசிரியர் அதிகம் கற்றுக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மொழிக் கொள்கை பற்றி ஒரு சொல். 1998இல் கலிபோர்னியா வாக்காளர்கள் 61 விழுக்காடு ஆதரவோடு, தாய்மொழியிலும் கற்பிக்கும் இருமொழி வகுப்புகளை ஏறக்குறைய ஒழித்துக்கட்டினார்கள். பெற்றோர் எழுதிக் கேட்டால் விலக்கு உண்டு என்ற விதி மட்டும் இருந்தது. எந்தப் பள்ளியில் முதல்வர் பெற்றோரைக் கூப்பிட்டு இந்த விலக்கைப் பற்றி விளக்கினாரோ அங்கே இருமொழி வகுப்பு பிழைத்தது. சொல்லாத இடத்தில் செத்தது. 2016இல் அதே மாநிலம் 73 விழுக்காடு ஆதரவோடு அந்தச் சட்டத்தை மாற்றியது. இடைப்பட்ட 18 ஆண்டுகளில் ஒரு முழுத் தலைமுறை பள்ளியை முடித்துப் போய்விட்டது.

இப்போது சேர்க்கை மேசைக்குத் திரும்புவோம். 2011இல் அலபாமா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றையும் குடியேற்ற நிலையையும் பள்ளி பதிவு செய்ய வேண்டும். யாரையும் வெளியேற்ற மாட்டோம், கணக்கெடுப்பு மட்டும்தான் என்று அரசு உறுதி சொன்னது. செப்டம்பர் இறுதியில் ஒரு நீதிபதி அந்தப் பிரிவை அனுமதித்தார். அடுத்தடுத்த நாட்களில் லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளின் இருக்கைகள் நூற்றுக்கணக்கில் காலியாகின. மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்டோபரில் நிறுத்திவைத்து, 2012இல் செல்லாது என்றும் அறிவித்தது. யாரையும் வெளியே தள்ளாமலே வகுப்பைக் காலி செய்ய ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. இந்த அனுபவங்களுக்குப் பிறகு, 2014இல் அமெரிக்கக் கல்வித் துறையும் நீதித் துறையும் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி அனுப்பின. குழந்தை அந்த வட்டாரத்தில் குடியிருக்கிறதா என்று கேட்கலாம். மின்கட்டண ரசீதோ வாடகை ஒப்பந்தமோ அதற்குப் போதும். சமூகப் பாதுகாப்பு எண் இல்லை, வெளிநாட்டுப் பிறப்புச் சான்று மட்டும்தான் இருக்கிறது என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது. பார்த்தால் எழுத்தர் வேலைபோலத் தெரியும் சிறு விதிகள். ஒரு தாய் படி ஏறி வந்து கவுன்டரில் நிற்கும்போது அவளுக்கு அரசியல் சாசனம் என்பது இந்த விதிகள்தாம்.

கேள்வி கேட்கக் கூடாத இடத்தில் கேட்காதிருப்பது ஒரு துணிவு. வாசலில் நிறுத்த வேண்டியவரை நிறுத்துவது இன்னொரு துணிவு. பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம் போன்ற இடங்களில் குடியேற்றத் துறையினர் நடவடிக்கை எடுப்பதைக் கட்டுப்படுத்திய கூட்டரசு வழிகாட்டி 2025 ஜனவரியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த ஏப்ரல் மாதம் லாஸ் ஏஞ்சலீஸின் இரண்டு தொடக்கப் பள்ளிகளுக்கு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையினர் வந்தார்கள். சில மாணவர்களைப் பார்க்க வேண்டும், நலம் விசாரிக்கத்தான் வந்தோம் என்றார்கள். எல்லாம் தொடக்கப் பள்ளிச் சிறுவர்கள். இரண்டு பள்ளிகளின் முதல்வர்களும் உள்ளே விடவில்லை. நீதிபதி கையொப்பமிட்ட ஆணை இல்லாமல் மாணவரைக் காட்டுவதற்கில்லை என்பது அங்குள்ள நடைமுறை. கலிபோர்னியா 2017இலேயே ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் இத்தகைய நிலைமைக்கான நடைமுறையை எழுதிவைக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியிருந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் தன் ஊழியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருந்தது. அந்த இரு முதல்வர்களின் மனவுறுதியை வணங்குகிறேன். ஆனால் அவர்களைத் தனியாக விடாமல், யாரைத் தொலைபேசியில் அழைப்பது, எந்தக் காகிதத்தைக் கேட்பது என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த நிர்வாகத்தையும் சேர்த்தே பாராட்ட வேண்டும். ஒரு தலைமையாசிரியரின் தனி வீரத்தை நம்பி எந்தக் கொள்கையையும் அமைக்கக் கூடாது.

நம்மிடமும் இந்த வரலாறு உண்டு. 1983 ஜூலைக்குப் பிறகு இலங்கையிலிருந்து ராமேசுவரம் கரையில் படகு படகாக வந்து இறங்கிய குடும்பங்கள் மண்டபத்துக்கும் அங்கிருந்து மாநிலம் முழுவதும் அமைந்த முகாம்களுக்கும் போயின. பிள்ளைகள் முகாமை அடுத்த அரசுப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். அந்த நாட்களில் நான் இளம் ஆசிரியன். எங்கள் தலைமையாசிரியர் மாற்றுச் சான்று கேட்கவே மாட்டார். மேசை இழுப்பறையில் ஒரு தாள் வைத்திருப்பார். ஒரு பக்கம் ஏழெட்டுக் கணக்கு, மறுபக்கம் வாசிக்க ஒரு பத்தி. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அந்தத் தாளை நீட்டுவார். அது போட்ட கணக்கையும் அதன் வயதையும் பார்த்து வகுப்பை முடிவு செய்வார். பிறகுதான் தகப்பன் பெயர், பிறந்த தேதி எல்லாம். அப்பா வரவில்லையா என்ற கேள்வியை எந்தப் பிள்ளையிடமும் கேட்கக் கூடாது என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று அவருக்கு வழிகாட்ட இப்படிப்பட்ட சட்டம் எதுவும் இல்லை.

1991க்குப் பிறகு அதே பிள்ளைகளுக்கு உயர்கல்வி இடங்கள் நிறுத்தப்பட்டு, சில ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தன. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு முகாமில் பெயின்ட் அடிக்கப் போன இளைஞர்களை நான் அறிவேன். அந்த ஆண்டுகளை யாரும் அவர்களுக்குத் திருப்பித் தரவில்லை.

இன்று நம் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வரையுள்ள குழந்தையைப் பற்றிப் பேசும்போது குடியுரிமையைக் கேட்கவில்லை. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்று வரத் தாமதமாகிறது என்று காக்கவைக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்டதைத் தனிப் பயிற்சியால் ஈடுகட்ட வேண்டும். தில்லியில் ரோஹிங்கியா அகதிகளின் பிள்ளைகளைப் பற்றிய வழக்கு 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, அந்தப் பிள்ளைகள் முதலில் பள்ளியை அணுகட்டும், மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது நீதிமன்றம். முதலில் பள்ளியை அணுகட்டும்! தில்லியில் ஏதோ ஒரு தலைமையாசிரியரின் மேசைக்குத்தான் அந்தப் பிள்ளைகள் போய் நிற்க வேண்டும்.

நாடு விட்டு வருகிறவர்களுக்குச் சொன்னதெல்லாம் மொழி எல்லையைத் தாண்டி வருகிறவர்களுக்கும் பொருந்தும். ஒடிசாவிலிருந்து திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஒடியா ஆசிரியர்களையும் ஒடியாப் பாடநூல்களையும் வரவழைத்துச் சூளை அருகிலேயே பள்ளிகள் நடத்தப்பட்டன. திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் இந்தி, வங்காளம், அசாமியம் பேசும் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓராண்டில் அவர்கள் தமிழில் சண்டை போடுவதைக் கேட்டு நாம் மகிழ்ந்துபோகிறோம். கம்மின்ஸ் சொன்ன அந்த ஐந்து ஆண்டுகளை நினைத்துப் பார்ப்பதில்லை.

தலைமையாசிரியர் மீதே எல்லாப் பாரத்தையும் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. ஆசிரியர் காலியிடமும் பதிவேடுகளும் கூட்டங்களும் அவர்களை எப்படி அழுத்துகின்றன என்பதை நான் அறிவேன். அதனால்தான் அரசிடமும் இந்த அவையில் இருக்கும் கல்வி அலுவலர்களிடமும் கேட்கிறேன். தலைமையாசிரியர்களுக்கான பதவியுயர்வுப் பயிற்சியில் ஆவணமில்லாத சேர்க்கைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். சட்டப் பிரிவை வாசித்துக்காட்டுவதோடு நிற்காமல், ஒரு தாயும் மகளும் அறைக்குள் வருவதாக வைத்துச் செய்து பார்க்கவையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் நிதியிலிருந்து, அந்தப் பிள்ளைகளின் மொழி தெரிந்த ஒருவரை, அதே தெருவில் இருக்கும் ஒரு தாயாக இருந்தாலும் சரி, வகுப்பில் துணைக்கு அமர்த்த தலைமையாசிரியருக்கு அதிகாரம் கொடுங்கள்.

மூன்றாவது கோரிக்கை கணக்கு பற்றியது. சேர்க்கையின்போது வீட்டு மொழி எது என்று எழுதிக்கொள்ளட்டும். பிறந்த நாடு எது, எந்தக் காகிதம் கையில் இருக்கிறது என்பதை எழுத வேண்டாம். வீட்டு மொழி வேறாக உள்ள பிள்ளைகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அடுத்த ஜூனில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எட்டாம் வகுப்பை எத்தனை பேர் முடித்தார்கள், ஊரை விட்டுப் போனவர்களில் எத்தனை பேர் வேறு பள்ளியில் சேர்ந்தார்கள் என்று ஒவ்வொரு வட்டாரக் கல்வி அலுவலரும் ஆண்டுக்கு ஒரு முறை தலைமையாசிரியரோடு உட்கார்ந்து பார்க்கட்டும். எண்ணிக்கை குறைந்திருக்கும் பள்ளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்ப வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டும்.